பதினேழு பவுண்டு

ஜூன் மாதத்து மாலைப்பொழுது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் ஊர்; அவ்வூர்த் தேவாலயத்தை ஒட்டிய கூடம். அங்கே ஒரு தராசை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் எதிரே 14 வயது முதல் 18 வயது வரையுள்ள ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் மூடியிட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று இருக்கும். மாற்றுடை, கம்பளிக் காலுறை, மழைச்சட்டை, வேதநூல், குறிப்பேடு ஆகிய யாவும் அதனுள் அடங்க வேண்டும். வாளியின் எடை 17 பவுண்டைத் தாண்டினால் மூடியைத் திறந்து எதையேனும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது கட்டளை. எதை எடுப்பது என்பதில்தான் சிக்கல் எழும். ஒரு பெண் முகப்பூச்சுப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாயிடம் கொடுப்பாள். மீண்டும் நிறுத்துப் பார்த்தால் இன்னும் ஒரு பவுண்டு மிகும். இரண்டாவது சோடிக் காலணியை அவள் எடுக்கப் போகும்போது மட்டும் பெரியவர் கையமர்த்தித் தடுப்பார். "வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துவிடு, அம்மா, காலணியில் மட்டும் கைவைக்காதே" என்பார்.

பார்ப்பவர்க்கு இது பள்ளிச் சுற்றுலாவிற்கான ஏற்பாடு போலத் தோன்றும். இவ்விளையோர் மோர்மோன்கள் எனப் பிறர் வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர். (2018-ஆம் ஆண்டு முதல் அச்சபை தன் முழுப்பெயரையே பிறரும் வழங்க வேண்டும் என வற்புறுத்தி வருகிறது; எனினும் பழம்பெயர் உலக வழக்கில் மறைந்துவிடவில்லை.) தங்கள் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கி நடந்த நெடும்பயணத்தை மீண்டும் நடந்து பார்ப்பதே இவர்கள் செய்யவிருப்பது. பெண்கள் நீண்ட பாவாடையும் தலைமறைப்புத் தொப்பியும் அணிவர். ஆண்கள் தோள்வார் மாட்டிய கால்சட்டை அணிவர். மரத்தாலான கைவண்டிகளை இழுத்துக்கொண்டு மூன்று நாளோ நான்கு நாளோ காட்டிலும் மேட்டிலும் நடப்பர். பல வட்டாரங்களில் இது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வதால், ஒருவருடைய பதின்பருவத்தில் பெரும்பாலும் ஒருமுறைதான் இவ்வாய்ப்புக் கிட்டும்.

17 பவுண்டு என்பது எவரோ மனம்போன போக்கில் வகுத்த எல்லையன்று. 1856-ஆம் ஆண்டில் கைவண்டியோடு புறப்பட்ட வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அனுமதிக்கப்பட்ட உடைமையின் எடை அது. கிலோ கணக்கில் எட்டுக்கும் சற்றுக் குறைவு. உடை, படுக்கை, சமையல் கலம், இங்கிலாந்திலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ கடல் கடந்து கொண்டுவந்த நினைவுப் பொருள் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்றைய இளையோரில் பலருக்குப் படுக்கை உறை தனிக்கணக்கு; சில இடங்களில் அது சரக்குந்திலேயே முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடும். இந்தச் சலுகையை மறைக்காமல் சொல்லிவிட்டு வாளியை நிறுப்பவரே நல்ல ஆசிரியர் எனல் வேண்டும்.

அப்பயணத்தின் வரலாறு ஓரளவு தெரிந்தால்தான் இவ்வேற்பாட்டின் பொருள் விளங்கும். 1830-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் அச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், 1844-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் இலினாய் மாநிலத்துச் சிறையொன்றில் வன்முறைக் கும்பலால் கொல்லப்பட்டார். அதன்பின் பிரிகம் யங் தலைமை ஏற்றார். 1846-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து வெளியேறத் தொடங்கிய மக்களில் முதற்குழு, 1847-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் நிலைகொண்டது. 1869-இல் இருப்புப்பாதை வந்து சேரும்வரை ஏறத்தாழ 70,000 பேர் அவ்வழியே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மாடு பூட்டிய வண்டிகளில் சென்றவர்களே.

கைவண்டி வறுமையின் பிள்ளை. 1855-இல் யூட்டாவில் வறட்சியும் வெட்டுக்கிளியும் விளைச்சலை அழித்தன. ஐரோப்பாவிலிருந்து புதிதாகச் சபையில் சேர்ந்த ஏழைகளை அழைத்து வரும் நிதி வற்றிப்போயிற்று. மாடும் பெருவண்டியும் வாங்கப் பணமில்லை. ஆகவே மக்களே வண்டியை இழுத்து வரட்டும் என்று பிரிகம் யங் முடிவு செய்தார். அயோவா நகரம் வரை இருப்புப்பாதை இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 1,300 மைல் நடக்க வேண்டும். 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களாக ஏறத்தாழ 3,000 பேர் இவ்வாறு நடந்தனர். எட்டுக் குழுக்கள் துன்பப்பட்டாலும் பேரழிவின்றி ஊர்போய்ச் சேர்ந்தன. எஞ்சிய இரண்டின் கதையே இன்றைய நடைப்பயணம் முழுவதையும் ஆட்கொண்டிருக்கிறது. மொத்தத்தில் நூற்றுக்கு ஐவர்கூடக் கைவண்டியோடு வரவில்லை. ஆயினும் நினைவில் நின்றது கைவண்டியே. மாட்டின் உழைப்பைவிடத் தாயின் உழைப்பு மனத்தில் ஆழப் பதிவது இயல்புதானே.

இத்தனைக்கும் இன்று நடக்கும் பிள்ளைகளுள் பலருக்கு அந்த முன்னோரோடு குருதித் தொடர்பு இல்லை. பெற்றோர் காலத்தில் சபையில் சேர்ந்தவர்களின் மக்களும் உளர். டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற தொலைவு மாநிலத்தவரும் உளர். சிலர் வயோமிங் மாநிலத்திலுள்ள ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரைக்கே சென்று, முன்னோர் நடந்த தடத்தின்மீது நடக்கின்றனர். அவ்விடத்துப் பண்ணை நிலத்தைச் சபை விலைக்கு வாங்கி 1997-ஆம் ஆண்டு முதல் வருவோர்க்கான மையம் ஒன்றை நடத்தி வருகிறது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் தம் மாநிலத்துப் பண்ணையிலோ வனத்திலோ நடந்துகொள்கின்றனர். குருதி வழியாக வராத மரபைக் கால் வழியாகப் பெறுவதற்கு அவர்கள் எடுக்கும் முயற்சி இது.

அக்காலைப் பக்குவப்படுத்துவதுதான் முதற்பணி. பயணத்திற்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே வாரந்தோறும் நடைப் பயிற்சி தொடங்கும். முதல் வாரம் இரண்டு மைல், பிறகு நான்கு, பிறகு மேடேறி இறங்கும் வழியில் ஆறு மைல். புதுக்காலணி வாங்கிப் பெட்டியிலிருந்து நேரே பயணத்திற்கு எடுத்துவரும் பிள்ளை முதல் நாள் நண்பகலிலேயே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடும் என்பது அனுபவம் கற்பித்த பாடம். ஆதலால் புதுக்காலணியை வீட்டிலும் பள்ளியிலும் அணிந்து அணிந்து காலோடு பழக்கிவிட வேண்டும். ஈரமானால் மாற்ற இரண்டாவது சோடி வேண்டும். தராசின் அருகிலிருந்த பெரியவர் தடுத்ததற்குக் காரணம் இதுவே. தோல் சிவக்கத் தொடங்கும்போதே நின்று துணிப்பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும்; வீரம் பேசிக்கொண்டு நடந்தால் மாலைக்குள் தோல் உரிந்துவிடும். புகாரிலிருந்து புறப்பட்ட கண்ணகி சிறிது வழி கடந்ததுமே மதுரை எங்கே எனக் கோவலனைக் கேட்டதை இளங்கோவடிகள் மறவாமல் பாடி வைத்தார். நடந்து பழகாத கால் எந்நாட்டிலும் அதைத்தான் முதலில் கேட்கும்.

அடுத்தது உடை. நீண்ட பாவாடை பார்ப்பதற்கு அழகு. புதரிலும் பாறையிலும் அது காலைத் தடுக்கும் கண்ணி. விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தைக்க வேண்டும் எனத் தாய்மார்க்குச் சொல்லப்படும். தொடை உராய்ந்து புண்ணாகாமலிருக்க உள்ளே நீண்ட காற்சட்டை அணிதல் வேண்டும். துணி பருத்தியாக இருக்க வேண்டும். சமையல் நெருப்பருகே செயற்கை இழை உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். தாயும் மகளும் பல மாலைகள் தையல் பொறியின் முன் அமர்ந்து இவ்வுடையைத் தைப்பதும் உண்டு. கடையில் உடை வாங்கியே பழகிய அப்பெண்ணுக்கு ஒரு பாவாடைக்கு எத்தனை முழம் துணி போகும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

கைவண்டியை நடத்துவது தனிக் கல்வி. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, மேலே பெட்டி, முன்னே இரு நீள்கட்டை, அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம்; அவ்வளவுதான் வண்டி. குறுக்குச் சட்டத்துக்கு உள்ளே இருவர் நின்று மார்பால் தள்ளிச் செல்வர். பின்னிருந்து இருவரோ நால்வரோ தள்ளுவர். மேடேறுவது கடினமென்று பிள்ளைகள் நினைப்பர். உண்மையில் இடர் மிகுந்தது இறக்கமே. சுமை ஏற்றிய வண்டி சரிவில் வேகம் பிடித்துவிட்டால் முன்னால் நிற்பவர்களை உருட்டித் தள்ளிவிடும். ஆகவே இறக்கத்தில் பின்புறம் கயிறு கட்டி நால்வர் பின்னோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆரக்கால்களுக்கு இடையே கையை நுழைக்கக் கூடாது. வண்டிமேல் ஏறி விளையாடக் கூடாது. திருச்சபை வளாகத்து வாகன நிறுத்துமிடத்திலேயே மணல் மூட்டைகளை ஏற்றி இதைப் பழக்குவர். 1856-இல் வந்தவர்களுக்கு இந்தப் பழக்கமும் இல்லை, நல்ல வண்டியும் இல்லை. உலராத பச்சை மரத்தில் செய்யப்பட்ட வண்டிகள் மேட்டுநிலத்து வறண்ட காற்றில் சுருங்கிப் பிளந்தன. மணல் அச்சை அரித்தது. உண்ண வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் அச்சில் தடவினர்; காலணியின் மேல்தோலை வெட்டி அச்சைச் சுற்றிக் கட்டினர்.

தண்ணீரைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது. முன்னோரைக் கொன்றது பனி. இளையோரை அச்சுறுத்துவது வெயில். அவர்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் அகப்பட்டுக்கொண்டனர். இவர்களோ பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கின்றனர். ஸ்வீட்வாட்டர் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ளது. நிழல் தரும் மரம் அரிது. காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடலிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பது நடப்பவர்க்கே தெரிவதில்லை. தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும். தண்ணீரை மட்டுமே மிகுதியாகக் குடித்து உப்பை மறந்தாலும் தீங்கு; தலைசுற்றலும் குமட்டலும் வரும். பேச்சுக் குழறினாலோ வியர்வை நின்று தோல் கொதித்தாலோ அது சோர்வு அன்று, உயிருக்கு இடர் எனத் தலைவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓக்லஹோமாவில் நடந்த இத்தகைய நடைப்பயணம் ஒன்றில், இளையோரை வழிநடத்தச் சென்ற பெண்மணி ஒருவர் வெப்பத்தின் கொடுமையால் உயிரிழந்தார். நீர் வண்டியும் மருத்துவரும் செவிலியரும் பின்தொடர, ஒவ்வொரு பிள்ளையின் நோய்க் குறிப்பும் பெற்றோர் ஒப்பமும் கையில் இருக்க, இவையெல்லாம் இருந்தால் பயணம் போலியாகிவிடும் என்று சிலர் குறைகூறுவதுண்டு. மூன்று நாள் நடைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாயிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பட்டினி போடுவதும் பாடமாகாது. 1856-இல் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாவு எனத் தொடங்கிய பங்கீடு குறைந்து குறைந்து கடைசியில் ஏதுமின்றிப் போயிற்று. அதை உணர்த்துவதற்காக ஒருவேளை எளிய கஞ்சியோ சோள ரொட்டியோ மட்டும் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் போனால், மாலையில் பிள்ளையின் மனத்தில் நிற்பது முன்னோரின் பசியாக இராது. தன் பசியாகவே இருக்கும்.

உடலுக்கான ஏற்பாடு இத்தகையது. உள்ளத்திற்கான ஏற்பாடு இதைவிட எளிது எனப் பலர் எண்ணுகின்றனர். வேதநூல் வாசிப்பு, வார வழிபாட்டில் முன்னோர் பற்றிய சொற்பொழிவு, பயணத்திற்காகக் குடும்பமாகச் செய்யும் வேண்டுதல் ஆகியன நடைபெறும். எட்டுப் பத்து இளையோரை ஒரு குடும்பமாக வகுத்து, மணமான இணையர் ஒருவரை அதற்குத் தாய் தந்தையராக அமர்த்துவர். 'மா', 'பா' என்று பிள்ளைகள் அவர்களை அழைப்பர். பிறகு ஒவ்வொருவருக்கும் பெயர் அட்டை ஒன்று தரப்படும். அதில் 1856-இல் நடந்த உண்மையான ஒருவரின் பெயரும் வயதும் ஊரும் இருக்கும். அவர் வாழ்ந்து முடித்தாரா, வழியிலேயே மாண்டாரா என்பதைப் பல குழுக்களில் பயணத்தின் கடைசி நாளில்தான் சொல்வர். இவ்வேற்பாடுகள் நல்லனவே. சிக்கல் எழுவது கதை சொல்லும்போதுதான்.

அக்கதை இது. ஜேம்ஸ் வில்லி தலைமையில் ஏறத்தாழ 500 பேர், எட்வர்ட் மார்ட்டின் தலைமையில் ஏறத்தாழ 575 பேர் என இரண்டு குழுக்கள் 1856-இல் லிவர்பூல் துறைமுகத்தை விட்டதே காலங்கடந்து. அயோவா வந்தபோது வண்டிகள் ஆயத்தமாக இல்லை. ஆகஸ்ட் மாதம் நெப்ராஸ்காவின் ஃபுளோரன்ஸ் என்னும் இடத்தை வில்லி குழு அடைந்தபோது, குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதா, தொடர்ந்து போவதா என்ற கேள்வி எழுந்தது. அங்கே லீவை சேவேஜ் என்பவர் எழுந்து பேசினார். அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன் சமயத்தொண்டராகக் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் சென்று, உலகைச் சுற்றி வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். அம்மலைவழியை முன்னமே அறிந்தவர். முதியோரும் பெண்களும் குழந்தைகளும் பனியில் அகப்பட்டு மடிவர், போக வேண்டா என்று அவர் கண்ணீருடன் எச்சரித்தார். நம்பிக்கையற்ற பேச்சு எனக் கடிந்துகொண்டனர். போவது என்றே முடிவாயிற்று. தாம் சொன்னது மெய்யே என்றும், ஆயினும் மற்றவர்கள் போவதால் தாமும் உடன் சென்று, வேண்டுமானால் உடன் மடியவும் அணியமாக இருப்பதாகவும் சேவேஜ் கூறினார். அவ்வாறே சென்றார்.

அக்டோபர் 19-ஆம் நாள் முதற்பனி வீழ்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் மார்ட்டின் குழுவினர் நடக்க இயலாமல் சுமையைக் குறைத்திருந்தனர். 17 பவுண்டு 10 பவுண்டாயிற்று. கம்பளிகளும் கனத்த உடைகளும் வழியில் எரிக்கப்பட்டன. 23-ஆம் நாள் வில்லி குழு ராக்கி ரிட்ஜ் என்னும் பாறைமேட்டைப் பனிப்புயலில் ஏறியது. இரவெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தபடி இருந்தனர். மறுநாள் 13 பேரை ஒரே குழியில் புதைத்தனர். குழி வெட்டியவர்களிலும் இருவர் இறந்தனர். அதற்குள் செய்தி சால்ட் லேக்கை எட்டியிருந்தது. அக்டோபர் 5-ஆம் நாள் மாநாட்டில் பிரிகம் யங் வேறு பேச்சை நிறுத்திவிட்டு வண்டியும் மாவும் ஆளும் கேட்டார். இரண்டு நாளில் முதல் வண்டிகள் புறப்பட்டன. நவம்பர் 9-இல் வில்லி குழுவும் நவம்பர் 30-இல் மார்ட்டின் குழுவும் ஊர் சேர்ந்தன. 200-க்கும் மேற்பட்டோர் சேரவில்லை.

இதை இளையோருக்கு எங்ஙனம் சொல்வது? பெரும்பாலும் சொல்லப்படுவது ஒரு முதியவரின் கதை. பல ஆண்டுகளுக்குப் பின் சீடர் நகரத்து வகுப்பொன்றில், அக்குழுக்களைக் காலங்கடந்து அனுப்பிய தலைவர்களைச் சிலர் குறைகூறிக்கொண்டிருந்தனர். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, தாமும் அக்குழுவில் நடந்தவர் என்றும், அத்துன்பத்தில்தான் இறைவனை அறிந்ததாகவும், அதற்குக் கொடுத்த விலையைப் பற்றித் தமக்கு வருத்தமில்லை என்றும் கூறினாராம். அவர் மார்ட்டின் குழுவைச் சேர்ந்த பிரான்சிஸ் வெப்ஸ்டர். கேட்பவர் கண்களில் நீர் வரவழைக்கும் கதை. பயணத்தின் கடைசி இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து இதைக் கேட்காத குழு அரிது. வெப்ஸ்டரின் சொல்லை மறுக்க எவர்க்கும் உரிமையில்லை. விலையைக் கொடுத்தவர் அவர். ஆனால் அவ்விரவில் சேவேஜின் பெயரையும் சொல்ல வேண்டும். வெப்ஸ்டரை மட்டும் கேட்டுத் திரும்பும் பிள்ளை, கேள்வி கேட்பதே நம்பிக்கைக்குப் பகை எனக் கருதிக்கொண்டு வீடு திரும்பக் கூடும். பெரியோர் கூடி எடுத்த முடிவும் பிழையாகலாம், பிழையென்று சொன்னவரே கடைசிவரை வண்டியைத் தள்ளவும் செய்யலாம் என்பதைச் சேவேஜ் இன்றி எவர் காட்டுவார்?

வில்லி குழுவின் நிலையை மிக நுட்பமாக எழுதி வைத்தவர் ஜான் சிஸ்லெட். பச்சை மரத்து அச்சு, ஓடிப்போன மாடுகள், மாவு தீர்ந்த நாள், அந்தப் பதின்மூவர் குழி பற்றிய செய்திகளுள் பலவற்றைப் பின்வந்தோர் அவரிடமிருந்தே அறிந்தனர். அவரோ பிற்காலத்தில் சபையை விட்டு விலகியவர். அவர் எழுதியது 1873-இல் சபையைக் கடிந்துரைக்கும் நூல் ஒன்றில் வெளிவந்தது. இந்தச் செய்தியைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவர் என அஞ்சும் தலைவர்கள் உண்டு. பதினாறு வயதினரைக் குறைவாக மதிப்பதே இவ்வச்சம்.

இன்னொரு கதை ஸ்வீட்வாட்டர் ஆற்றைப் பற்றியது. மீட்கச் சென்ற பதினெட்டு வயது இளைஞர் மூவர், பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் மார்ட்டின் குழுவினர் அனைவரையும் சுமந்து கரை சேர்த்துப் பின்னர் அதன் விளைவாகவே மாண்டனர் என 1914-இல் வெளியான ஏடு ஒன்றின் வழியாகப் பரவிய கதை. இளைஞர்க்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை ஏது? 2006-ஆம் ஆண்டில் சபையின் பல்கலைக்கழக ஆய்விதழிலேயே சபையைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஒருவர் இதை ஆராய்ந்து எழுதினார். சுமந்தவர்கள் மூவர் மட்டுமல்லர், மேலும் பலர்; எல்லாரும் சுமக்கப்படவுமில்லை, நடந்து கடந்தோரும் உளர்; அம்மூவரும் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். கதை சிறுத்துவிட்டதா? பெயர் அறியப்படாத இன்னும் சிலர் அந்தக் குளிர்நீரில் நின்றனர் என்று தெரிவதால் அது பெருத்தது என்றே கொள்ளலாம்.

பெண்கள் மட்டும் வண்டியை மேட்டில் இழுக்கும் நிகழ்ச்சி பல பயணங்களில் உண்டு. ஆண்பிள்ளைகளைத் தனியே அழைத்துச் சென்று, நாட்டுப் படைக்கு ஆள் எடுத்தாயிற்று என்பர். பெண்கள் மூச்சிரைக்க இழுத்து வருகையில் அவர்கள் இருமருங்கும் தொப்பியைக் கழற்றி வாய்மூடி நிற்க வேண்டும், உதவக் கூடாது. பயணத்தில் எல்லாரையும் உலுக்குவது இக்காட்சியே எனச் சென்று வந்தோர் சொல்வர். ஆயின் ஏறத்தாழ 500 ஆடவர் படையில் சேர்ந்தது 1846-இல். கைவண்டி வந்தது பத்தாண்டுகள் கழித்து. இரண்டையும் ஒரே மேட்டில் ஏற்றுவது வரலாறாகாது. 1856-இல் பெண்கள் தனியே இழுத்ததற்கு வேறு காரணம் இருந்தது: கணவர் முன்னதாக மாண்டுபோயினர். இந்த உண்மையைச் சொல்லிவிட்டு அம்மேட்டை ஏறச் செய்தால் காட்சியின் வலிமை குறைந்துவிடாது.

நடுப்பயணத்தில் ஒரு பிற்பகல். பிள்ளைகளை ஒருவரை ஒருவர் காணாத தொலைவில் புதர்களுக்கிடையே தனித்தனியே அமரச் செய்வர். கைப்பேசி ஊரிலேயே விடப்பட்டிருக்கும். குறிப்பேட்டில் எதையேனும் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். அப்போது 'மா' வந்து ஓர் உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். பிள்ளைக்குத் தெரியாமல் பெற்றோரிடம் முன்னதாகவே எழுதி வாங்கி வைத்திருந்த மடல் அது. வீட்டில் கதவை அறைந்து சாத்தும் மகனுக்கு, நேரில் சொல்ல நாணிய தந்தை எழுதியது. முன்னோரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இராது. வாசித்து முடித்த பிள்ளைகள் வண்டிக்குத் திரும்பும்போது எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. பல மாத ஏற்பாட்டுள் இம்மடலுக்குத்தான் செலவு மிகக் குறைவு.

ஒவ்வொரு குழுவிலும் வர மறுத்த பையன் ஒருவன் இருப்பான். தாய்தந்தையர் வற்புறுத்தலால் வந்தவன். இந்த வெயிலில் இது எதற்கு என்று தராசின் முன்னாலேயே கேட்டவன். அவனுக்கு என்ன பெயர் அட்டை கொடுப்பது என்று 'பா'வாக அமர்ந்தவர் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். சேவேஜின் அட்டை அவனுக்கே பொருந்தும். கடைசி நாள் அட்டைகளின் முடிவைப் படிக்கும்போது ஒன்றுக்குப் பக்கத்தில் பாறைமேடு என்றும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை என்றும் வந்துகொண்டிருக்கும். அவன் தன் முறை வரும்வரை வாளியின்மேல் அமர்ந்து காலணியைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். லீவை சேவேஜ் பிழைத்தார். நெடுங்காலம் வாழ்ந்து 1910-ஆம் ஆண்டில்தான் மறைந்தார். அதைக் கேட்டதும் அவன் காலணியை மீண்டும் மாட்டிக்கொண்டு வண்டியின் பின்புறம் போய் நிற்பான். வண்டிகள் நிறுத்துமிடத்திற்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்.